ஒற்றன் பரிதியும் அரை ஏக்கர் நடவும்

எழுத்தாளராகிவிடுவது என்று காயாரோகணம் முடிவெடுத்தார். ஐம்பத்திரண்டு வயதில், குறுவை நடவு தலைக்கு மேல் நிற்கும்போது, பெண்டாட்டி ஜெயாவுக்குத் தெரியாமல்.

ஒரு வாரப் பத்திரிகை போட்டி அறிவித்திருந்தது. உலகப் போர்க் காலத்து ஒற்றர் நாவல். காதல் வேண்டும், சாகசமும் வேண்டும். இரண்டுமே காயாரோகணத்திடம் மூட்டை மூட்டையாக இருந்தன. நன்னிலத்துப் பக்கம் அவற்றை இறக்கி வைக்கத்தான் இடமில்லை.

"மடை பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் கொட்டகைக்குள் உட்கார்ந்து எழுதினார். நாயகன் பரிதி, நீர்மூழ்கிக் கப்பலில் வந்து கோடியக்கரையில் இறங்கும் ஒற்றன். நாயகி கயல்விழி, உப்பளத்தில் ஒளிந்துகொண்டு ரகசியச் செய்தி அனுப்புகிறவள். இதோடு நிறுத்தியிருக்கலாம். பரிதிக்கு ஊரில் ஒரு மனைவியையும் கொடுத்தார். காபி வருவதற்கு முன்பே குரல் வந்துவிடும் மனைவி. அங்கேதான் சனி பிடித்தது. ஜெயா மட்டும் அதைப் படித்தால் அடுத்த போர் கோடியக்கரையில் நடக்காது, வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும்.

ஆகவே பரிதியின் தந்திரத்தையே அவரும் கையாண்டார். நோட்டை உரச் சாக்குக்குள் ஒளித்தார். தலையில் மிச்சமிருந்த முடிகளில் ஒன்றைப் பிடுங்கி, எழுதி நிறுத்திய பக்கத்தின் குறுக்கே வைத்தார். யாராவது திறந்தால் முடி விழுந்துவிடும். தினமும் பார்த்தார். முடி வைத்தது வைத்தபடி இருந்தது. அதுவும் முன்னைவிடக் கருப்பாக, தடிமனாக இருந்தது. புதிதாகத் தேய்க்கும் மூலிகைத் தைலம் வேலை செய்கிறது என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

இதற்கிடையில் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. நடவு மெஷின்காரர் போனையே எடுப்பதில்லை. நாற்று முத்திக்கொண்டிருந்தது.

"இன்னும் நாலு நாள் போனா நாத்து மாட்டுக்குத்தான்டி ஜெயா."

"ஆளுக்கு நான் பொறுப்பு. நீங்க போயி மடையைப் பாருங்க."

மறுநாள் காலையில் பன்னிரண்டு பெண்கள் வந்து வயலில் இறங்கினார்கள். பெரிய பண்ணைக்கே டிமிக்கி கொடுக்கிற ரெங்கம்மாள்தான் முன்னால் வந்தாள். அடுத்த நாள் கூப்பிடாமலே வந்தார்கள். பெண்டாட்டியின் செல்வாக்கை நினைத்து காயாரோகணத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள், நடவில் கீழ அரை ஏக்கர் மட்டும் மிச்சமிருக்க, கொட்டகையில் பேனாவைத் திறந்தார். கயல்விழி பிடிபட்டு, வெள்ளைக்கார மேஜர் துப்பாக்கியை நீட்டிய இடத்தில் முதல் நாள் நிறுத்தியிருந்தார். இனி அவளைச் சாகடிக்க வேண்டியதுதான் பாக்கி. நாயகி செத்தால்தான் பரிசு கிடைக்கும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை.

அப்போது வயலிலிருந்து ரெங்கம்மாளின் குரல் கேட்டது.

"ஏம்மா ஜெயா, அந்த மேஜரு சுட்டானா இல்லையா? சொல்லித் தொலையேன்!"

காயாரோகணம் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். வரப்பில் ஜெயா குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். கையில் போன். போனில் அவருடைய நோட்டு, ஒரு பக்கம் விடாமல் படமாக.

"எழுதினவரே வந்துட்டாருக்கா. அவரையே கேளுங்க."

பன்னிரண்டு முதுகும் ஒன்றாக நிமிர்ந்தன.

"வா தம்பி" என்றாள் ரெங்கம்மாள். "சித்திரை மாசத்துல பரிதி வெட்டாத்துல முங்கி நீந்தினான்னு எழுதியிருக்கியே, முழங்காலு நனையுமா அங்க?"

"அது வந்துக்கா... கதைக்காக..."

"சரி, அதை விட்டுடறோம். கயல்விழியைக் கொன்னே, அவ்ளோதான். கீழ அரை ஏக்கருக்கு நீயே வேற ஆள் பாத்துக்க."

"சோகமா முடிச்சாத்தாங்க்கா பரிசு."

"நாத்து காஞ்சாலும் சோகம்தான். அதுக்கு யாரு பரிசு தர்றா?"

காயாரோகணம் நாற்றங்காலைப் பார்த்தார். அவருடைய இலக்கியம் ஒரு பக்கம், மூன்று மாதச் சாப்பாடு ஒரு பக்கம்.

"சரிக்கா. பரிதி வந்து காப்பாத்திடுவான்."

"அவனா? பொண்டாட்டி இருமினாலே பதுங்குறவனாச்சே!"

வயலே சிரித்தது. ஜெயா தொண்டையைக் கனைத்தாள். காயாரோகணத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

"அவன் வீட்டுல ஒருத்தி இருக்காளே, காபிக்கு முன்னாடி குரல் வருமே, அவதான் ஒற்றர் படைக்கே தலைவின்னு எழுதுங்க. புருஷன் போற எடம், வர்ற எடம் எல்லாம் அவளுக்கு முதல்லேருந்தே தெரியும். அவ வந்து மேஜரை மடக்கட்டும். கயல்விழிக்கு நல்ல மாப்பிள்ளையாப் பாக்கட்டும்" என்றாள் ஜெயா.

"அப்ப பரிதி?"

"வீட்டுக்கு வந்து காபி போடட்டும்."

பன்னிரண்டு பேரும் குலவை போட்டார்கள்.

அந்தக் குடைக்குக் கீழேயே உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினார். கீழ அரை ஏக்கர் பச்சையானபோது நாவலும் முடிந்திருந்தது. உண்மையைச் சொன்னால், நாவலிலேயே உருப்படியான அத்தியாயம் அதுதான். அது அவருக்கும் தெரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

வீடு திரும்பும்போது மெல்லக் கேட்டார்.

"எல்லாம் சரி ஜெயா, நான் வெச்ச முடி அப்படியே இருந்துச்சே. விழாம எப்படித் திறந்தே?" என்றபடி தலையைப் பெருமையாகத் தடவிக்கொண்டார்.

"உங்க முடி முதல் நாளே காத்துல போயிடுச்சுங்க. பாவம், தேடுவீங்களேன்னு நம்ம எருமை வால்லேருந்து ஒண்ணு பிடுங்கி வெச்சேன்."