சம்பந்தி பந்தியும் என் கம்பெனி வேனும்

உலகத்தைத் திருத்தும் கம்பெனியில் மட்டும் வேலைக்குச் சேராதீர்கள். சம்பளம் குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை (குறைவுதான்). வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விடமாட்டோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீஸ். தினமும் காலையில் எழுந்து நின்று, 'ஒரு பருக்கையும் வீணாகக் கூடாது' என்று உறுதிமொழி எடுப்போம். கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் சாப்பாட்டை ஆதரவற்ற குழந்தைகள் இல்லங்களுக்கு அனுப்பும் ஆப் எங்களுடையது. பந்தியில் கேமரா வைப்போம். இலை போடுவது நின்றால், விருந்து முடிந்தது என்று அதுவே வேனை வரவழைத்துவிடும். முதல் சோதனையை எங்கே செய்யலாம் என்று முதலாளி கேட்டதும் கையைத் தூக்கிய அதிமேதாவி நான்தான். வேலப்பன்சாவடியில் என் தங்கை கலையின் கல்யாணம் இருந்ததே!

"சாப்பாட்டுல மட்டும் ஒரு பேச்சு வரக்கூடாதுடா" என்று அப்பா மாதக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீடு கொஞ்சம் வசதி. அவருக்கு அதுதான் பயம்.

தாலி கட்டி முடிந்து ஊர் சனமெல்லாம் சாப்பிட்டு எழுந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி சம்பந்தி வீட்டார் பொண்ணு மாப்பிள்ளையோடு கடைசியில்தான் உட்காருவார்கள். அவர்கள் மேடையில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, பந்தி காலியாகக் கிடந்தது. கேமராவுக்குச் சம்பந்தியைத் தெரியுமா? எனக்குத் தெரியும். ஆனால் வேன் வந்த பெருமையில் எனக்கு அந்த நினைப்பே இல்லை. பெண்ணின் அண்ணனே தூக்கச் சொன்னால் சமையல்காரர் என்ன கேட்பார்? சாம்பார் அண்டாவின் ஒரு காதை நானே பிடித்து, போட்டோவுக்குச் சிரித்தேன்.

சம்பந்திகள் வந்து உட்கார்ந்தார்கள். இலையில் உப்பும் ஊறுகாயும் அப்பளமும் விழுந்தன. பிறகு எதுவும் வரவில்லை.

"இன்னாடா, சாப்பாடு எங்க?" என்றார் அப்பா.

"இல்லத்துக்குப் போயிடுச்சுப்பா. ஒரு பருக்கைகூட வீணாகல."

"டேய் பாவி! சம்பந்தி ஊட்டுக்காரங்க இன்னும் கையே நனைக்கலடா!"

வேன் டிரைவருக்குப் போன் போட்டேன். "அண்ணாத்தே, பசங்க உக்காந்து துன்னுக்கினு கீறாங்க. புடுங்கினு வரச் சொல்றியா?" என்றார்.

அப்பா சம்பந்தி எதிரில் கைகூப்பி நின்றார். "பரவால்ல சம்பந்தி, புண்ணியந்தானே" என்று மாப்பிள்ளையின் அப்பா அப்பளத்தை ஒடித்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. கலை தலையைக் குனிந்து அழுதாள். மறுநாள் ஆபீஸில் என்னை 'வாரத்தின் நாயகன்' ஆக்கி, அண்டாவோடு நான் சிரிக்கும் படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். செத்துப்போகலாம் போலிருந்தது.

போன மாதம் கலையின் பெண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டுமே, அதனால் கூப்பிட்டார்கள் (இல்லையென்றால் சந்தேகம்தான்). "போனை ஊட்லயே வெச்சிட்டு வாண்ணா" என்றாள் கலை. என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளை, "மச்சான் வந்துட்டாரு, அண்டாவைச் சங்கிலி போட்டுக் கட்டுங்கப்பா!" என்று கத்த, மண்டபமே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சமையல்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், சம்பந்தி வீட்டார் சாப்பிட்டுக் கை கழுவும்வரை எழுந்திருக்கவே இல்லை.