ஊளையிட்ட ராக்கெட்

பயப்படுவதற்குப் படிப்பு வேண்டாம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அதில் மட்டும் டாக்டர் பட்டம் வாங்கியவன்.

தொண்ணூறுகளில் கரமனையில், கண்காட்சி மாதிரிகள் செய்யும் பட்டறையில் மரவேலை பார்த்தேன். ஒருநாள் பக்கத்து அக்ரஹாரத்தில் குடியிருந்த ராக்கெட் நிலைய இன்ஜினியர் மேடம் ஒருவர் வந்து, கனமான சாட்டிலைட்டைத் தூக்கப்போகும் புது ராக்கெட்டுக்கு ஆளுயர மாதிரி கேட்டார்.

"புதுசுன்னா முழுக்கப் புதுசு இல்லை. ஏற்கெனவே பறந்த ராக்கெட்டோட அடுக்கு கீழே. அதோட திரவ இன்ஜினையே நாலு பக்கமும் கட்டறோம். உச்சியிலே வெளிநாட்டிலேர்ந்து வந்தது."

அவர் போனதும் நாகர்கோவில்கார முதலாளி பரணைக் காட்டினார். "அவங்களே பழசச் சேத்துதான் புதுசு பண்ணுகாவ. நமக்கு என்னல? பழைய மாடல் மூணு கெடக்கு, ஒட்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள நிக்கலன்னா நீ ஊருக்கு பஸ் ஏறிக்கோ."

கீழும் நடுவும் தேக்கு. பக்கத்து நான்கும் அயனி. உச்சி மாமரம். எல்லாம் உள்ளே குடைந்தவை. தச்சரான என் அப்பா ஒரே கதவுச் சட்டத்தில் மூன்று ஜாதி மரம் சேர்க்கவே மாட்டார். சேர்த்தால் அந்த வீட்டுக்குள் யாரோ நடப்பார்களாம். (யார் என்று கேட்டதற்கு, "வந்தா தெரியும்" என்றார். சின்னப் பிள்ளையிடம் சொல்லும் பதிலா இது?)

ஒட்டி நிறுத்தினேன். வெளியே மழை. எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

டக். கீழ் அடுக்கில் சத்தம்.

சற்று நேரம் கழித்து, டக். இப்போது நடு அடுக்கில். அடுத்தது உச்சிக்குக் கீழே. உள்ளே யாரோ படியேறிக்கொண்டிருந்தார்கள். காதை வைத்தேன். சத்தம் நின்றது. நான் ஒட்டுக்கேட்பது அதற்குத் தெரிந்துவிட்டது!

ஓடியிருப்பேன். வேலை போய்விடுமே. ஆகவே உள்ளே இருப்பவர் வெளியேற வழிசெய்வதென்று டிரில்லை எடுத்து, உச்சி அடுக்கின் பின்பக்கம் ஓர் ஓட்டை போட்டேன். "போயிருங்க" என்று மரியாதையாகவும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. பெரிய அதிகாரிகள் சூழ்ந்து நிற்க மேடம் விளக்கிக்கொண்டிருந்தார். புழுக்கம் தாங்காமல் யாரோ பின்னாலிருந்த பெடஸ்டல் ஃபேனைப் போட்டார்கள்.

"ஊஊஊ..."

பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுவதுபோல ராக்கெட் ஊளையிட்டது. ஃபேன் தலையைத் திருப்பினால் நின்றது. திரும்பி வந்தால் மறுபடியும் அழுதது. முன்வரிசை இரண்டடி பின்வாங்கியது.

"சவமே, உள்ள என்னத்தல வச்ச?" என்றார் முதலாளி என் காதில்.

நான் ராக்கெட்டைப் பார்த்துக் கும்பிட்டபடி, "நான் போகச் சொல்லிட்டேன் சார், அவங்கதான் போகல" என்று ஹால் முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

மேடம் பின்னால் போய் ஓட்டையை விரலால் அடைத்தார். அழுகை நின்றது. என் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மூணு மரமும் ஈரத்திலே மூணு விதமா உப்பும்பா. அதான் டக் டக். வேற வேற உடம்பை ஒண்ணாச் சேர்த்தா ஒண்ணையொண்ணு முறைச்சுக்கும். அதைச் சமாதானம் பண்றதுதான் எங்களுக்கும் வேலையே."

விரலை எடுத்தால் மறுபடி அழும் என்று அரைமணி நேரம் அப்படியே நின்று விளக்கினார். போகும்போது முதலாளியிடம் எனக்காகப் பேசினார். வேலை தப்பியது.

ஆனால் கதை எனக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றும் ஃப்ரிட்ஜ் முனகினால் என் மகள், "அம்மா, டிரில்லை ஒளிச்சு வை" என்பாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். போன வாரம் சுவரில் படம் மாட்ட டிரில்லைத் தேடினேன். நிஜமாகவே காணோம்.

கேட்டால், "எதுக்கு?" என்கிறார்கள், அம்மாவும் மகளும் ஒரே குரலில்.