முதுகு காட்டி உட்கார்ந்த மாவுக்கட்டு

டிக்டிக்டிக்டிக் என்று ஒரு சத்தம். புளியங்கொட்டைகளைத் தகர டப்பாவில் போட்டு யாரோ நிதானமாகக் குலுக்குவதுபோல. மிதிக்காமல் ஓடவிட்ட குட்டிச் சைக்கிளின் பின்சக்கரம் போடும் சத்தம் அது. இன்று காலை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் கேட்டது. கையிலிருந்த காய் நழுவி விழுந்தது.  பிள்ளை சைக்கிளோடு எம்பிக் குதிக்கும்போது, பலகைமேல் டயர் உரசும் ஓசை சட்டென்று அறுந்து, வெறும் டிக்டிக் மட்டும் காற்றில் மிதக்குமே, அந்த இடைவெளியில்தான் பெற்றவளுக்கு நரை விழுகிறது. அடுத்துத் 'தட்' என்று கேட்டால் பிள்ளை தரைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கேட்காவிட்டால் என்ன அர்த்தம் என்பதை எனக்குச் சொன்னவர் மாவுக்கட்டு.

புதுச்சேரி மண்ணில் மாவுக்கட்டைவிடப் பயந்த மனிதர் பிறந்ததில்லை. இனிமேல் ஒருவர் பிறக்கலாமென்று நினைத்தாலும், இவரைப் பார்த்தால் எதற்கு வம்பென்று இருந்துவிடுவார். கோரிமேட்டில் ஒரு எலும்பு டாக்டரிடம், கை கால் ஒடிந்து வருபவர்களுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. பெயரும் அதுவாகவே ஆகிவிட்டது. நாளெல்லாம் ஒடிந்ததையே தொட்டுத் தொட்டு, உலகத்தையே ஒடிவதற்கென்று செய்து வைத்திருப்பதாக அவருக்கு ஒரு எண்ணம். மாடிப்படியில் நண்டுபோலப் பக்கவாட்டில் இறங்குவார். அவர் மொபெட்டைத் துரத்திக்கொண்டு வரும் தெருநாய்கள், பாதி வழியில் தாங்கள் முந்திவிட்டதை உணர்ந்து, வெட்கப்பட்டுத் திரும்பிவிடும். வண்டியை நிறுத்திய பிறகும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். டீக்கடையில் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு உள்ளே டீயை ஊற்றிக்கொள்வார்.

"டீக்கடையில என்னண்ணே ஆயிடப் போவுது, கழட்டுங்களேன்" என்றேன் ஒரு தடவை.

"பெஞ்சுக்கு மூணு காலு நல்லாருக்கு தங்கச்சி. நாலாவத குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தேன். அன்றிலிருந்து நானும் நின்றுகொண்டுதான் டீ குடிக்கிறேன்.

இப்படிப்பட்டவர் ஞாயிறு தவறாமல் வந்து உட்கார்ந்த இடம், ஊரிலேயே எலும்பு ஒடிய அதிக வாய்ப்புள்ள இடம். சேதராப்பட்டில் மூடிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கச் சிமெண்டுத் தரை. அங்கேதான் எங்கள் ஊர் பிஎம்எக்ஸ் பிள்ளைகள் கூடுவார்கள். அந்தச் சைக்கிளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: சிறுவர்கள் ஓட்டும் சைக்கிள் அளவுக்குத்தான் இருக்கும், வளர்ந்தவர்கள் ஓட்டுவார்கள், அதோடு காற்றில் குதிப்பார்கள். பாதிச் சைக்கிள்களில் பிரேக் கிடையாது. நிற்க வேண்டுமென்றால் ஷூவை டயரில் வைத்துத் தேய்க்க வேண்டும். நிற்பதற்காக யாரும் அதில் ஏறுவதில்லை என்பது வேறு விஷயம்.

முதல் சைக்கிளைக் கொண்டுவந்தவன் அந்துவான். பிரான்சில் வளர்ந்து, பாட்டன் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவன். தமிழும் பிரெஞ்சும் கலந்து பேசுவான், விழும்போது மட்டும் சுத்தத் தமிழ். ராம்ப் கட்டியவன் கனகசெட்டிக்குளத்துப் பாலு. படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுகிற தொழில். தொழிற்சாலைகள் கழித்துப்போட்ட மரப்பலகைகளைச் சேர்த்து ஏற்றமும் இறக்கமுமாக அடித்து, மேலே படகுக்குப் பூசுகிற அதே பிசினைப் பூசிவிட்டான். மழைக்குத் தாங்கும், வெயிலுக்குத் தாங்கும். கால் வைத்தால் வழுக்கும். தொழிற்சாலைக் காவலாளியின் மகனும் ஓட்டினான் என்பதால் கேட் திறந்தே இருக்கும். என் மகள் தர்ஷினியும் ஓட்டினாள். அதனால் நானும் போய் டயர் குவியலின்மேல் உட்கார்ந்து, துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

மாவுக்கட்டு அங்கே வந்தது சண்டை போடத்தான். ஒரே வாரத்தில் அடுத்தடுத்து மணிக்கட்டு ஒடிந்த பையன்கள், எல்லோர் முட்டியிலும் ஒரே பிசின் வாசனை. சந்தேகப்பட்டு, ஒருவனைப் பின்தொடர்ந்து மொபெட்டில் வந்துவிட்டார். கேட்டைத் தாண்டி உள்ளே வந்த நேரம், அந்துவான் அவர் தலைக்கு மேல் பறந்துகொண்டிருந்தான்.

மாவுக்கட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ராம்ப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"எறங்கிட்டானா?" என்று கேட்டார், சுவரைப் பார்த்து.

"எறங்கிட்டான் மாமா" என்றாள் தர்ஷினி.

"எதுலேந்து எதுக்கு எறங்கினான்? முழுசா எறங்கினானா?"

அந்த முதுகு பிறகு திரும்பவேயில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். வராமல் வீட்டில் இருந்தால் இன்னும் பயமாக இருக்கிறதாம். ஹெல்மெட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, காதால் மட்டும் கவனிப்பார். 'தட்' கேட்டால் மூச்சு விடுவார். 'தடார்' கேட்டால் பையைத் திறப்பார். பையில் பஞ்சு, துணி, மாவு தோய்த்த சுருள்கள். "விழுந்தா கைய ஊனாதீங்க, உருளுங்க, கைய மட்டும் ஊனாதீங்க" என்று சுவரிடம் ஓதிக்கொண்டே இருப்பார். இத்தனை காலம் வந்தும், அந்த முதல் நாளுக்குப் பிறகு ஒருவர் குதித்ததைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

அளவெடுக்கும் வழக்கம் எப்படி ஆரம்பித்தது என்று யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. யாராவது ராம்ப்பில் ஏறப் போனால் மாவுக்கட்டு கையை நீட்டி மணிக்கட்டைப் பிடிப்பார். கட்டைவிரலும் நடுவிரலும் எங்கே சேர்கின்றன என்று பார்ப்பார். முழங்கைவரை சாண் போடுவார். "நாலு இஞ்சு ரோலு. ரெண்டு போதும்" என்று முனகிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அவரைப் பொறுத்தவரை, அது ஒடியப்போகிற கைக்கு முன்கூட்டியே பார்த்து வைக்கிற கணக்கு. ஆனால் அளவு கொடுத்தவன் எவனும் அன்று விழவில்லை என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவுதான். கோயிலில் விபூதி வாங்குவதுபோல வரிசையில் நின்று கையை நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அளவு கொடுக்காமல் எவனும் ஏறுவதில்லை. மனிதர் நடுக்கத்தோடு பிடித்த பிடியை அவர்கள் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் எங்கள் ஊர்ப் போலீசுக்கே உரிய சிவப்புத் தொப்பியோடு ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்தார். "யாரக் கேட்டு இங்க குதிக்கிறீங்க?" என்று கையை நீட்டி அதட்டினார். நீட்டிய கையை மாவுக்கட்டு பழக்கதோஷத்தில் பிடித்துவிட்டார்.

"சாருக்கு ஆறு இஞ்சு வேணும். நல்ல கனமான கை."

"எதுக்குய்யா ஆறு இஞ்சு?"

"ஒடைஞ்சா கட்டணும்ல சார்."

"நான் எதுக்குய்யா ஒடையப் போறேன்?"

"எல்லாரும் இதத்தான் சார் கேக்குறாங்க" என்றார் மாவுக்கட்டு, உண்மையான துக்கத்தோடு. போலீஸ்காரர் கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துப் பார்த்து நடந்து வெளியே போனார். பைக்கை உதைக்காமல் கேட்வரை தள்ளிக்கொண்டே போனதைக் காவலாளி பார்த்திருக்கிறார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் பாலு இரண்டு ராம்ப்புக்கு நடுவே ஒரு பெரிய இடைவெளி வைத்தான். உயரமான மேடையிலிருந்து இறங்கி வந்து, ஒரு ராம்ப்பில் ஏறி, ஒரு மினி லாரியை நிறுத்துகிற அளவு வெற்றிடத்தைத் தாண்டி, அடுத்த ராம்ப்பில் இறங்க வேண்டும். அந்துவான் தாண்டினான். இன்னும் சிலர் தாண்டினார்கள். அன்று ராத்திரி தர்ஷினி சோற்றைப் பிசைந்துகொண்டே, "அடுத்த ஞாயித்துக்கெழம நான் தாண்டப் போறேம்மா" என்றாள்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூட நான் ஓடினேன். தூக்கம் என்று ஒன்று வந்தால் அதற்குள்ளும் அந்த டிக்டிக். அவள் தலை பின்னும்போது கழுத்தைப் பார்ப்பேன். எவ்வளவு மெல்லிய கழுத்து. குளித்துவிட்டு வரும்போது முழங்கையைப் பார்ப்பேன். மாவுக்கட்டின் கண்கள் எனக்கும் வந்துவிட்டன. பிள்ளையைப் பிள்ளையாகப் பார்க்க முடியவில்லை. எலும்புகளைத் தோலில் சுற்றி என்னிடம் கொடுத்து வைத்திருப்பதுபோல இருந்தது. வேண்டாமென்று சொன்னால் என்னிடம் சொல்லாமல் போய்விடுவாள். அவள் என் மகள்.

கோரிமேட்டுக்குப் போய் மாவுக்கட்டிடம் சொன்னேன். அவர் கையில் மாவு வழிந்தபடி கேட்டுக்கொண்டார். முகம் மாவைவிட வெளுத்தது.

"அளவு எடுக்காம எவனும் ஏற மாட்டான் இல்ல?" என்றார்.

"ஏற மாட்டாங்க."

"அப்ப நான் பாப்பாவுக்கு எடுக்கல. முடிஞ்சுது. நிம்மதியாத் தூங்குங்க தங்கச்சி."

ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி கையை நீட்டினாள். மாவுக்கட்டு இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"மாமா, கையி."

ஹெல்மெட் இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்பியது.

"மாமா, ஏன்?"

"இன்னிக்கு வெரலு வலிக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. கையை மடக்கிக்கொண்டு, சைக்கிளைத் தூக்கி, மேடையின் பின்பக்கப் படிகளில் ஏறிப் போய்விட்டாள். அளவு கொடுக்காமலே.

 மேலே விளிம்பில் அவள் நின்றாள். சைக்கிளின் முன்சக்கரம் நடுங்குவது கீழிருந்தே தெரிந்தது. எங்கள் திட்டம் அவளை நிறுத்தவில்லை; தைரியத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு மேலே அனுப்பிவிட்டது. இறங்கி வரவும் மாட்டாள், இந்த நடுக்கத்தோடு போனால் தாண்டவும் மாட்டாள். 

"அண்ணே" என்றேன். "அளவு எடுங்கண்ணே. போய் எடுங்க."

மாவுக்கட்டு எழுந்தார். பதற்றத்தில் பின்பக்கம் படி இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை. நேராக முன்னாலிருந்த சரிவில், ஹெல்மெட்டோடு, நான்கு காலில் ஏற ஆரம்பித்தார். பிசின் வழுக்கியது. பாதி ஏறி முழுதாகச் சறுக்கினார். மறுபடி ஏறினார். அந்துவானும் பாலுவும் பின்னாலிருந்து, மணலில் படகு தள்ளுவதுபோல, ஏலேலோ சொல்லாத குறையாக அவரைத் தள்ளினார்கள். "கீழ பாக்காதீங்க மாமா" என்றான் பாலு. "மேல பாத்தா மட்டும் என்னாடா இருக்குது" என்றார் அவர். கடைசியில் ஒரு கை விளிம்பைப் பிடித்தது. மற்றது அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

கட்டைவிரல், நடுவிரல், சாண்.

"மூணு இஞ்சு" என்றார், அழுவதுபோல. "ஒண்ணே போதும். சின்னக் கை."

முன்சக்கரத்தின் நடுக்கம் நின்றது. அந்துவானும் பாலுவும் அவரை மேடைமேல் ஏற்றிவிட்டுச் சரிவிலிருந்து விலகினார்கள். அவள் தலையை ஆட்டினாள். சைக்கிளோடு சரிவில் இறங்கினாள்.

டயரின் உரசல் பலகையில் நீண்டு வந்தது, ஏறியது, அறுந்தது. நான் கண்களை இறுக மூடிக்கொண்டேன். டிக்டிக்டிக்டிக். அது முடியவே இல்லை. அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. வில்லியனூர் மாதாவையும் சேர்த்துக்கொண்டேன்.

தட்.

கண்ணைத் திறந்தபோது அவள் சுவர்வரை போய், ஷூவை டயரில் தேய்த்து நின்றிருந்தாள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் காவலாளி ஓடிவந்தார். 

அதன் பிறகுதான் மாவுக்கட்டு இன்னும் மேலேயே இருப்பதைக் கவனித்தோம். பின்பக்கப் படியைக் காட்டினோம். அதற்குக் கைப்பிடி இல்லை என்று மறுத்துவிட்டார். சரிவில் உட்கார்ந்து இறங்குவதுதான் பத்திரமாம். உட்கார்ந்தார். ஒரு தரம் மூச்சை இழுத்துக்கொண்டார். பாலுவின் பிசின் மீதியைப் பார்த்துக்கொண்டது. "கைய ஊனக்கூடாது, கைய ஊனக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், தரை வந்ததும் கையை ஊன்றினார்.

அவர் பையை அவருக்கே திறக்க வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் கோரிமேட்டு டாக்டரை வரவழைத்தோம். கட்டுப் போடுகிற ஆளுக்கே கட்டு என்றதும் டாக்டர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எலும்பை நேராக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றுவதற்கு யாராவது வாருங்கள் என்றார். படகுக்கு ஃபைபர் சுற்றிப் பழகிய பாலு முன்னே வந்தான். "இறுக்காதடா. மடிப்பு விழுது பாரு. டேய், இது கையிடா, கடல்ல எறக்கப் போறியா?" என்று மாவுக்கட்டு கடைசிவரை திட்டிக்கொண்டே இருந்தார். பாலு முடித்தபோது அந்தக் கை நிஜமாகவே ஒரு படகின் அடிப்பாகம்போல நடுவில் கூராக இருந்தது. அவருக்கு யாரும் அளவு எடுக்காததுதான் காரணம் என்று பிள்ளைகள் பேசி முடிவு செய்தார்கள். அதை அவரும் ஒப்புக்கொண்டார்.

கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கையில் பழைய பலம் வரவில்லை. மாவுச் சுருளை இழுத்துச் சுற்ற முடியாமல் வேலையை விட்டார். காரைக்காலில் தங்கை வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். பஸ் நிலையத்துக்கு எல்லோரும் போனோம். அந்துவான் அவர் பெட்டியை ஏற்றினான். தர்ஷினி தண்ணீர் பாட்டில் வாங்க ஓடினாள். மாவுக்கட்டு ஹெல்மெட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் அதைப் பற்றிக் கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

பஸ் உறுமியது. அவர் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கி, என்னை மட்டும் விரலால் கூப்பிட்டார். கிட்டே போனேன்.

"அன்னிக்கு நீங்க கண்ண மூடிக்கினீங்க, மேலேந்து பாத்தேன்" என்றார். "எனக்குத் திரும்பி உக்கார எடமில்ல, பாத்துட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன், வெக்கமா இருந்துது."

"என்னண்ணே?"

"நடுவுல, கீழ ஒண்ணுமே இல்லாதப்ப, பாப்பா மொகம் ஒருபக்கமா தெரிஞ்சுது. பயப்படல தங்கச்சி. சிரிச்சுது."