நிகிதா என்றால் என்ன கருத்து?

ரொறன்ரோவில் தன் பெயருக்குக் கருத்துத் தெரியாமல் நிம்மதியாக இருந்த ஒரு தமிழனையும் கருத்தண்ணை விட்டுவைத்ததில்லை. தொண்ணூறுகளில் சென் ஜேம்ஸ் ரவுணில், எங்கள் மாடிக் கட்டடத்தில்தான் இருந்தார். டான்போர்த்தில் ஒரு கிரேக்கர் கடையில் கோப்பை கழுவினார். லிஃப்ற்றில் யார் அகப்பட்டாலும் முதல் கேள்வி பெயர். இரண்டாவது, "கருத்து?"

நானும் அகப்பட்டேன்.

"சிவரூபன். சிவன்ரை உருவம் எண்டு கருத்து அண்ணை."

உச்சியிலிருந்து சப்பாத்துவரை பார்த்தார்.

"சிவனுக்குத் தெரியுமோ?"

அன்றிலிருந்து பதினான்கு மாடியும் படியேறத் தொடங்கினேன். லிஃப்ற் வேலை செய்த நாட்களிலும்.

அப்போதுதான் எங்கள் மகள் இரண்டு மாதம் முந்திப் பிறந்தாள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கத்தரிக்காய் அளவில் கிடந்தாள். பெட்டியில் ஒட்டிய அட்டையில் 'பேபி கேர்ள்' என்று மட்டும் எழுதியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து என் மனைவி சுகந்தி அழுதாள். "பேரில்லாமலே போயிடுவாளோப்பா?"

அனுச நட்சத்திரம், 'நி' எழுத்து. சுகந்தி 'நிகிதா' என்றாள். கேட்க அழகாக இருந்தது. அதற்குமேல் ஆராயும் மூளை எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

கருத்தண்ணைக்குச் செய்தி எட்டியது. படியில் மறித்தார்.

"நிகிதாவோ? உது ஆம்பிளைப் பேர்! எங்கட லிஃப்ற் திருத்த வாற ரஷ்யன்ரை பேர் நிக்கீட்டா. அவன்ரை மீசையைப் பாக்கேல்லையோ?"

பார்த்திருந்தேன். அந்த மீசையை மகளின் முகத்தில் வைத்தும் பார்த்துவிட்டேன். சுகந்தியிடம் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மகள் பாலும் சரியாகக் குடிக்கவில்லை.

நாலாம் நாள் கருத்தண்ணை கோப்பை கழுவும் ஏப்ரனோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார்.

"தம்பி, அந்த ரஷ்யனைக் கேட்டனான். ரஷ்யர் வைக்கிற பேர்தான், ஆனா வேர் கிரேக்கமாம். கிறிஸ்தவ வேதத்தோட ரஷ்யாவுக்குப் போன பேராம். ரஷ்யன்ரை கதையை நம்பேலாது, லிஃப்ற் திருத்திட்டன் எண்டும் அவன்தானே சொல்லுறவன்! அதாலை எங்கட கடைக் குசினியிலை கேட்டன். நிக்கி எண்டா வெற்றி. ஓட்டத்திலை முந்தி வாறவனை நிக்கித்தீஸ் எண்டுவினமாம்."

"அதுக்கு?"

"மொக்கா! உன்ரை பிள்ளை எத்தினை மாதம் முந்தி வந்தவள்?"

சுகந்தி திரும்பிப் பார்த்தாள்.

"ஆம்பிளைப் பேரெண்டியளே அண்ணை?"

"ஓட்டத்திலை வெண்ட பிறகு ஆம்பிளை என்ன, பொம்பிளை என்ன? எழுது பிள்ளை."

சுகந்தி சிரித்தாள். தாதி தந்த பேனாவால் அட்டையில் பெயரைத் தானே எழுதினாள். நிகிதாவும் மெல்ல மெல்லப் பால் குடிக்கத் தொடங்கினாள்.

ஏழு கிழமை கழித்து மகளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கீழே பெரிய சண்டை. கருத்தண்ணை லிஃப்ற் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு மணித்தியாலமா ஒருத்தரையும் ஏறவிடாமல் நிக்கிறார் உந்த மனிசன்!" என்றார் ஒரு அன்ரி.

"நீங்கள் ஏறினா உது பழுதாப்போம். அவளெல்லே முதல் ஏறவேணும்!"

ஏறினோம். எங்களோடு புதிதாக ஒருவரும் ஏறினார், கருத்துக் கேட்க வாகான முகம். கருத்தண்ணை அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பதினான்கு மாடியும் நிகிதாவையே பார்த்துக்கொண்டு வந்தார்.