லெட்சுமி அக்கா பெயரில் ஒரு சர்வீஸ்

ஜொகூரில் பெயரில்லாத பொருள் ஒன்று இருக்கிறதென்றால், அதை நாமகரணம் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. செனாயில் உறைந்த மீனும் கோழியும் விநியோகிக்கும் எங்கள் கம்பெனியில் கணினிப் பிரிவு என்றால் அவரும் நானும்தான். எடுத்ததற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் பிரிண்டருக்குத் துர்வாசர் என்று பெயர் வைத்தார். கிடங்கின் ஃபோர்க்லிஃப்ட், கஜேந்திரன். எப்போது போனாலும் தண்ணீர் வராத தண்ணீர் மெஷின், காவேரி. எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் வேறு. பிரிண்டரைப் பழுது பார்க்க வந்த டெக்னீஷியன் ஸ்டிக்கரைப் பார்த்துக் குழம்பி, "இந்த மாடல் எங்க செஞ்சது?" என்று மலாய் மொழியில் கேட்டார். "இமயமலை" என்றார் நாமகரணம், முகத்தில் சிரிப்பே காட்டாமல். அவரும் எழுதிக்கொண்டு போனார்.

"ஏண்ணே இதெல்லாம்?" என்றால், "பேரு சொல்லிக் கூப்புடாட்டி யாரு தம்பி திரும்பிப் பாப்பா?" என்பார்.

இந்தத் தத்துவம் ஒருநாள் லினக்ஸ் சர்வருக்குள்ளும் புகுந்துவிட்டது.

எங்கள் ஒவ்வொரு கிளையின் இணைப்புக்கும் சர்வரில் ஒரு கான்ஃபிக் ஃபைல் உண்டு. அந்த ஃபைலுக்கு என்ன பெயரோ, அதே பெயரில் சர்வர் தானாக ஒரு சர்வீஸை, அதாவது அந்த இணைப்பை ஓட்டும் நிரலை, உருவாக்கிக்கொள்ளும். கிளைகளுக்கு வெறும் எண்கள்தான் இருந்தன. பெர்மாஸ் ஜெயா கிளையின் கல்லாவில் இருந்த லெட்சுமி அக்கா ஒருநாள் போனில், "நாங்க என்னா ஜெயில்லயா இருக்கோம், நம்பர் போட்டுக் கூப்புடுறீங்க?" என்று பொரிந்து தள்ளினார். நாமகரணம் உருகிவிட்டார். அன்று மாலையே அந்த ஃபைலுக்கு, 'பெர்மாஸ் ஜெயா - லெட்சுமி' என்று ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றினார். நடுவில் இடைவெளி, சிறு கோடு, எல்லாம் லட்சணமாக. இணைப்பையும் தன் கையாலேயே ஓடவிட்டார். மறுநாள் தன் சொந்த அக்காள் மகளுக்குக் காதுகுத்து என்று ஸ்கூடாய் கோயிலுக்குப் போய்விட்டார்.

அன்றுதான் இடி இடித்து மின்சாரம் போனது. வந்ததும் சர்வர் எழுந்தது. எல்லாக் கிளைகளும் எழுந்தன. பெர்மாஸ் ஜெயா மட்டும் எழவில்லை. கிளையின் வாசலில் ஒரு லாரி நிறைய இறால். குளிர்பெட்டி பழுதான லாரி. இணைப்பு இல்லாமல் சரக்குச் சீட்டு அச்சாகாது, சீட்டு இல்லாமல் காவலாளி கேட்டைத் திறக்க மாட்டார்.

"தம்பி, எறா உருகுது!" என்று அலறினார் லெட்சுமி அக்கா.

சர்வீஸ் பட்டியலைத் திறந்தேன். அக்காவின் பெயர் இருந்த இடத்தில் ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது. இடைவெளிக்குப் பதில் சாய்ந்த கோட்டோடு \x20. சிறு கோட்டுக்குப் பதில் \x2d. அதைப் பார்த்துப் பார்த்து அப்படியே தட்டினேன். அப்படி ஒரு சர்வீஸே இல்லை என்றது சர்வர். கண்ணெதிரே பட்டியலில் வைத்துக்கொண்டே இல்லை என்றது!

மேனேஜர் புவனா மேடம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "ஒழுங்கான மனுசன் வைக்கிற பேரா இது? அந்த எறா கெட்டுப்போச்சுன்னா, நாளைக்கு அவரு வேலைக்கே வர வேணாம்னு சொல்லிருங்க."

நான் நாமகரணத்துக்குப் போன் போடும் முன்பே லெட்சுமி அக்கா போட்டிருக்கிறார் போல. பட்டு வேட்டியும் மார்பில் சந்தனமுமாக நாமகரணம் உள்ளே நுழைந்தார்.

"நீங்க தட்டுனதுக்கு என்னா சொல்லுது?"

"இல்லைங்குதுண்ணே."

"நல்லாப் பாருங்க. அது திருப்பிச் சொல்ற பேருல சாய்ஞ்ச கோடு எங்க போச்சு?"

பார்த்தேன். சர்வர் திருப்பிச் சொன்ன பெயரில் x20 இருந்தது. அதற்கு முன்னால் இருந்த சாய்ந்த கோட்டைக் காணோம்.

"நாம தட்டுற கட்டளைய மொதல்ல வாங்குற ஷெல் அத முழுங்கிருச்சு. சாய்ஞ்ச கோட்டப் பாத்தா வுடாது. பேர மேற்கோள் குறிக்குள்ள வைங்க, தொடாது."

வைத்தேன். சர்வீஸ் ஓடியது. போனில் அச்சு ஓடும் சத்தமும், கேட் கிறீச்சிடும் சத்தமும், அக்கா யாரையோ திட்டும் சத்தமும் வரிசையாகக் கேட்டன.

"சரி, நடுவுல போட்ட சின்னக் கோடு எதுக்கு இப்படி மாறுது?" என்றார் மேடம், கோபம் தணியாமல்.

"சர்வீஸ் பேருல கோட்டுக்கு ஃபோல்டரப் பிரிச்சுக் காட்டுற வேல இருக்கு மேடம். அதனால நெசக் கோடு மாறுவேசத்துலதான் வரணும்." சர்வர் எழும்போது சர்வீஸ்களை எழுப்பும் பழைய ஸ்கிரிப்ட்டும் இதே போலச் சாய்ந்த கோட்டை விழுங்கிவிட்டது என்று கண்டுபிடித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதையும் சரிசெய்தார்.

"இனிமே வெறும் எழுத்து, எண். இடைவெளி, கோடு, ஒன்னும் கூடாது" என்று மேடம் உத்தரவு போட்டார்.

"சரி மேடம்" என்று உடனே தலையாட்டினார். அந்தப் பணிவு எனக்குப் பயத்தைத்தான் கொடுத்தது. மாலையில் பார்த்தால் ஃபைலின் பெயர், 'லெட்சுமிபெர்மாஸ்'. இடைவெளி இல்லை, கோடு இல்லை, குற்றமும் இல்லை. மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மறுநாள் அக்கா அனுப்பிய இறால் சம்பலில் பாதி அந்த அறைக்குள்தான் போனது.

இப்போது நாமகரணம் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். எங்கள் சர்வர் ஒரு வம்பும் செய்யாமல் ஓடுகிறது. ஆனாலும் வாரம் ஒருமுறையாவது அவருக்குப் போன் போடுகிறேன். என்ன கோளாறு என்று அவர் கேட்பதில்லை. கோளாறு ஒன்றுமில்லை என்று நானும் சொல்வதில்லை.