மாதம் அறுநூறு கிலோமீட்டர்

என் மகள் ஷாலினியை டியூஷனில் சேர்க்கப் போன அன்று, விண்ணப்பத் தாளை வைத்துக்கொண்டு நான் விழித்ததைக் கண்டதும், "இந்தப் பேனா மத்தவுங்க கைக்கு எழுதாதும்மா, நீங்க சொல்லுங்க" என்று தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டவர் முதுநகர் ராஜமாணிக்கம் சார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தப் பேனாவின் குணம் புரியாதா? அவரைக் கேலி செய்வதற்கு ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

கார் வைத்திருப்பவர், கார் இல்லாதவர் என இரண்டு வகையைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது வகை ஒன்று உண்டு. காருக்குக் கணக்குப் போடுகிறவர்!

இவர் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை வாழ்த்துமுன் அவர் வந்திறங்கிய வண்டியின் மைலேஜைக் கேட்பார், இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் தேய்மானம் என்று விரல் மடக்குவார், பாயசம் ஆறிப்போகும். கார் மட்டும் வராது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கணிதமும் இப்படித்தான். சாரின் மைத்துனர் பழனிவேல் பழைய ஆம்னி கார் ஒன்றை விலைக்குக் கொண்டுவந்து, "மாமா, ஞாயித்துக்கெழமக்குள்ள சொல்லிடுங்க" என்றதும், அதையே கரும்பலகையில் எழுதிப்போட்டார். வாடகைக் கார் என்றால் கிலோமீட்டருக்கு இருபது ரூபாய். சொந்தக் கார் என்றால் தவணையும் மற்றதும் சேர்த்து மாதம் எட்டாயிரத்து நானூறு, அதற்கு மேல் பெட்ரோல் கிலோமீட்டருக்கு ஆறு.

"x எவ்ளோ ஆனா ரெண்டும் சமம்?"

"அறுநூறு சார்!" என்றாள் ஷாலினி.

சிதம்பரத்தில் சாரின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. போக வர எண்பது கிலோமீட்டர்.

"ரத்தினம், மாசம் எட்டு தடவ போனாத்தான் நமக்குக் கட்டும்" என்றார் மனைவியிடம்.

"எட்டு தடவ போனா மருமவப்புள்ள வாசக்கதவ சாத்திப்புடும்! இந்த முட்டிய வெச்சிக்கிட்டு நான் பஸ்ஸுல எத்தினி நாளு தொங்கறது? பேரப்புள்ளய பாக்கறதுக்குமா x போடுவ?"

"பெட்ரோல் வெல கொறையுதான்னு ஒரு வாரம் பாப்பமே."

ஒரு வாரம் பார்த்தார். திங்கட்கிழமை வகுப்பில் தேவனாம்பட்டினம் டேவிட் ராஜ் எழுந்து நின்றான். அவன் அப்பா தினமும் வாடகை வண்டியில் சிதம்பரத்துக்கு மீன் கொண்டுபோகிறவர்.

"சார், ஒங்க கணக்க வூட்டுல போட்டுப் பாத்தேன். எங்க அப்பாவுக்கு x ரெண்டாயிரத்துக்கு மேல சார். நேத்தே அந்தக் கார வாங்கிட்டாரு!"

சார் என்ன செய்தார் தெரியுமா? பையனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தார். ரத்தினம்மாள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

சிரிக்காதீர்கள். உங்கள் கைபேசியில் விலை குறையட்டும் என்று பார்த்துவைத்த பொருள் எத்தனை? அதற்காக வீட்டில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்? நானும் என் பங்கைச் சர்ச்சில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

பரீட்சை முடிந்ததும் சாரும் ரத்தினம்மாளும் மகள் வீட்டோடு இருக்கக் கிளம்பினார்கள். வழியனுப்ப பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. அப்போது அதே ஆம்னி வந்து நின்றது.

"சார், சிதம்பரந்தான் போறேன், ஏறுங்க. மீன் வாடதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் டேவிட்டின் அப்பா.

"வாடைதான, இருந்துட்டுப் போவுது!" என்று ரத்தினம்மாள் பஸ்ஸைவிட்டு இறங்கி, காரின் முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். சார் இறங்கவில்லை.

"ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சேப்பா. நீ அவள பாத்துக் கூட்டிக்கிட்டுப் போ."

கார் போயிற்று. பஸ்ஸும் உறுமியது. சார் படியில் நின்றபடி தலையை நீட்டி, இன்னொரு டிக்கெட்டை என் பக்கம் ஆட்டினார்.

"ஏம்மா, சிதம்பரத்துல ஒங்களுக்கு எதுனா வேல இருக்குதா?"