துவக்கின் வாய்க்குள் சின்னிவிரல்

எதையும் எண்ணாமலும் அளக்காமலும் விட்டால் எனக்கு நித்திரை வராது. கூரையில் எத்தனை ஓடு, கிணற்றில் எத்தனை வளையம், எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கணித வாத்தியாரின் பழக்கம் என்று ஊரில் சொல்வார்கள். (வியாதி என்று மனைவி சொல்வாள்.) அந்த வியாதி ஒருநாள் என் சின்னிவிரலைக் கொண்டுபோகப் பார்த்தது.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான்; ஆண் அங்கே போய்ச் சேருகிறவன். கொக்கட்டிச்சோலைக்கு அருகே நான் போய்ச் சேர்ந்த வீட்டில், மாமனார் செத்ததும் மனைவிக்கு வந்த சொத்தில் ஒரு துவக்கும் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து வேட்டைத் துப்பாக்கி. வயல் வட்டைக்குள் இறங்கும் பன்றிகளை அதைக் காட்டியே மாமனார் விரட்டுவாராம். அது வெடித்ததைப் பார்த்தவர் யாருமில்லை.

சண்டைக் காலம். துவக்கு வைத்திருப்பவர்கள் வாவிக்கு அக்கரையில் உள்ள ஆமி முகாமில் ஒப்படைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று அறிவித்தார்கள். படிவத்தில் ‘கலிபர்’ என்று ஒரு கட்டம். குழல் வாயின் உள் அகலம். மாமனாரின் லைசன்சில் கறையான் முதலில் தின்றது அது எழுதியிருந்த மூலையைத்தான்.

“அந்தக் கட்டத்தச் சும்மா விட்டா, எதையோ மறைக்கிறீங்க எண்டு உள்ளுக்குப் போட்டிருவானுகள் மாஸ்டர்,” என்றார் ஊர் அலுவல் பார்க்கும் விதானையார். (அவரிடம் துவக்கு இல்லை. அதனால் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.)

மனைவியின் தம்பி தவம் அடிமட்டத்தை நீட்டினான்.

“இத வச்சு அளந்து எழுதுங்க மச்சான்.”

“வாய் தேஞ்சு கிடக்குடா. அரை மில்லிமீற்றர் பிழை வரும்.”

“அரை மில்லிமீற்றருக்கு ஆமிக்காரன் அழுவானா?”

எனக்கு வேண்டியது நுணுக்கமாக அளக்கும் வேர்னியர் கருவி. அது என் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருந்தது. பள்ளிக்கூடம்தான் அந்த ஆமி முகாம். ஆகவே விஞ்ஞான முறையில் யோசித்தேன். சின்னிவிரலைக் குழலுக்குள் விட்டு, இறுகும் இடத்தில் மையால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் நூலைச் சுற்றி அளந்தால் சுற்றளவு, அதிலிருந்து விட்டம். (சிரிக்காதீர்கள், கணக்கு சரி.)

விரல் போனது. இறுகியது. திரும்பி வரவில்லை.

சவர்க்காரம் போட்டார்கள், தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள். விரல் வீங்கியதுதான் மிச்சம். “துவக்குத்தான் போகப்போகுது எண்டு நினைச்சன். மனிசனும் சேந்தெல்லா போகப்போறார்!” என்று மனைவி தலையில் கைவைத்தாள்.

அன்றுதான் வெள்ளிக்கிழமை. துவக்கை ஒப்படைக்காமல் விட்டால் சிறை. ஆகவே என்னையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டியதாயிற்று. மாமியாரின் வெள்ளைச் சீலையில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடியாகக் கட்டினோம். முன்னால் குழல் வாயோடு நான், பின்னால் கட்டையைப் பிடித்தபடி தவம். வாவியைக் கடக்கும் மிதவையில் நாங்கள் ஏறியதும் சனமெல்லாம் மறுபக்கம் ஒதுங்க, மிதவை சரிந்தது.

“என்ன வாத்தியார், நீங்க துவக்கப் புடிச்சிரிக்கீங்களா, துவக்கு உங்களப் புடிச்சிரிக்கா?” என்றார் காத்தான்குடிச் சாறன் வியாபாரி ஒருவர்.

அக்கரையில் ஆமிக்காரன் கத்தினான்.

“துவக்கு கீழ போடு!”

“போட ஏலாது சேர்.”

“கை தூக்கு!”

தூக்கினேன். துவக்கும் கூடவே எழும்பியது, மறுமுனையில் தவமும். மூன்று துவக்குகள் எங்களைக் குறிபார்த்தன. நான்காவது, வீட்டிலிருந்தே என்னைத்தான் குறிபார்த்துக்கொண்டு வந்தது.

என் ஆய்வுகூடத்துக்கே இழுத்துப்போனார்கள். மேசையில் காகிதம் பறக்காமல் பாரமாக வைத்திருந்தது என் வேர்னியரை. சார்ஜன்ட் ஆசை தீரச் சிரித்தார். பிறகு, “உள்ள ரவை இரிக்கா?” என்று கேட்டார்.

கிணற்று வளையங்களை எண்ணியவன் நான். இதை மட்டும் பார்க்கவில்லை.

“இல்ல சேர். பழைய சாமான்.”

அவர் துவக்கின் பின்வாயைத் திறந்து சாய்த்தார். பித்தளை ரவை ஒன்று, முழுத் தோட்டா, மேசையில் விழுந்து, உருண்டுபோய், வேர்னியரில் முட்டி நின்றது. அதன் அடியில் தெளிவாகப் பொறித்திருந்தது: 577. நான் தேடிய கலிபர், அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கில்.

தவம் தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிடிக்க வசதி என்று வீட்டிலிருந்தே அதை விசையில் கொடுத்துக்கொண்டு வந்திருந்தான். விசையில் ஏறியிருந்த துருவுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

எனக்கு வியர்த்தது. சவர்க்காரத்துக்கும் எண்ணெய்க்கும் வராத விரல், அந்த வியர்வையில் தானாகவே கழன்றது. படிவத்தின் கட்டத்தில் 577 என்று எழுதினேன். சார்ஜன்ட் அதை வாசிக்கவேயில்லை. துவக்கை விறகுபோல மூலையில் கிடந்த குவியலில் எறிந்துவிட்டு, “போ, போ,” என்றார்.

தவம் இப்போது கனடாவில். ரெலிபோன் எடுத்தால் முதலில் என் விரலைத்தான் சுகம் விசாரிப்பான். போன மாதம் எனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் தாதி ஒக்சிசன் பார்க்கும் சின்னக் கருவியை நீட்டி, “விரல உள்ளுக்கு விடுங்க ஐயா,” என்றாள்.

“கொஞ்சம் பொறு மகள்,” என்று என் மனைவி அதை வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கருவியைத் திருப்பி, பின்பக்கத்தை நன்றாகப் பார்த்தாள்.

“ரவை இல்ல. இனி விடுங்க.”